தெரியும் என்ற பதிலுக்குப் பிறகு

கத்தரித் தோட்டத்து வரம்பில் நின்றபடிதான் அவர் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். காலை ஏழரை மணி இருக்கும். பூச்சிமருந்தடிக்கும் மெசினை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேளுங்கள் பிள்ளை" என்றார்.

மருந்தடித்தால் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்று கேட்டேன். போத்தலைத் திருப்பிப் பார்க்காமலே, "இதற்குப் பதினான்கு நாள்" என்றார். அடிக்கும்போது என்ன அணிய வேண்டும்? கையுறை, முகக்கவசம், நீளக் கை வைத்த சட்டை. காற்று வீசினால்? காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. வெற்றுப் போத்தலை என்ன செய்ய வேண்டும்? மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரையும் மெசினுக்குள்ளேயே ஊற்றி, போத்தலில் துளை போட்டுவிட வேண்டும். எல்லாம் சரி. விழிப்புணர்வுத் திட்டம் ஒன்றை மதிப்பிடும் கணக்கெடுப்புக்காகக் கொண்டுபோன படிவத்தின் 'அறிவு' என்ற பகுதியில் வரிசையாகச் சரி போட்டேன். மூன்று மாதங்களாக யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதித் தோட்டங்களில் நடந்து திரிந்ததில் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னவர்கள் சிலர்தான்.

படிவத்தை மடித்துக்கொண்டு, சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "அடுத்த பறிப்பு எப்போது ஐயா?"

"நாளை மறுநாள்."

அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கத்தரி காய்க்கத் தொடங்கினால் நாலைந்து நாளுக்கு ஒரு தரம் பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றிவிடும், விதை இறுகிவிடும், சந்தையில் எடுக்க மாட்டார்கள். தண்டுதுளைக்கும் புழுவோ அதே கத்தரியில் குருத்தையும் காயையும் மாறி மாறிக் குடைகிறது. நாலு நாளுக்கு ஒரு முறை பறிக்கும் பயிருக்குப் பதினான்கு நாள் பொறு என்று சொன்னால், மூன்று பறிப்பைத் தூக்கி எறி என்பதுதான் அதற்குப் பொருள். அந்த மூன்று பறிப்பின் காசிலிருந்துதான் அவர் மருந்துக் கடையின் கடனை அடைக்க வேண்டும்.

என் படிவத்தில் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்க ஒரு வரியும் இருக்கவில்லை. அறிவு என்ற பகுதியில் பத்துக்குப் பத்து வாங்கிய அவரை, விழிப்புணர்வுத் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாக என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை இன்று நினைத்தாலும் மனம் குறுகுறுக்கிறது.

எங்கள் வீடும் தோட்டக்காரர் வீடுதான். பன்னிரண்டு பரப்பு நிலம், ஒரு கிணறு, பாதி மரவள்ளி, பாதி வெங்காயம். அதனால் கணக்கெடுப்பு வேலைக்கு ஆள் தேடியபோது எனக்கு எளிதாகக் கிடைத்தது. ஒரு விழிப்புணர்வுத் திட்டம் எவ்வளவு பயன் தந்தது என்று மதிப்பிடுவதற்கான கணக்கெடுப்பு அது. எந்தத் திணைக்களம், எந்தத் திட்டம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் தப்பிவிடும். நான் பார்த்த குறை ஒரு அலுவலகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

திட்டத்தின் கோப்பை என்னிடம் தந்தார்கள். மண்டபத்துக்கு முன்னால் கட்டிய பதாகையின் படம், குத்துவிளக்கு ஏற்றும் படம், வரவுப் பதிவேட்டில் கையொப்பங்கள், பகிர்ந்த துண்டுப் பிரசுரங்களின் எண்ணிக்கை, சிற்றுண்டிச் செலவுக்கான பற்றுச்சீட்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையொப்பங்களைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனபோதுதான், வந்தவர்களில் பெரும்பாலானோர் மாதர் சங்கத்துப் பெண்கள் என்பது தெரிந்தது. கூட்டம் வைத்தது வாரநாள் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மருந்தடிக்கிறவர்கள் தோட்டத்தில் நிற்பார்கள், அல்லது இறைப்பில் நிற்பார்கள். மனைவிமார் வந்து, கேட்டு, பிரசுரத்தை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். ஒருவர் அதை எடுத்துக் காட்டினார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

கூட்டம் நடந்த மாதமும் முக்கியம். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஆகவே கார்த்திகையிலும் மார்கழியிலும் கூட்டங்கள் குவிகின்றன. யாழ்ப்பாணத்துக்கு மழை என்றால் அந்த மாரி ஒன்றுதான். வயலில் வெள்ளம் நிற்கிறதா, வரம்பு உடைந்ததா, நாற்றுமேடை அழுகுகிறதா என்று ஆட்கள் ஓடித்திரியும் காலம் அது. வெங்காயத்துக்கு உரம் எவ்வளவு போட வேண்டும் என்பதை அப்போது மண்டபத்தில் சொல்கிறார்கள். உரம் கையிலெடுக்கும் நாளில் சொல்வதற்குப் பணம் இருப்பதில்லை, புதிய ஆண்டின் ஒதுக்கீடு இன்னும் வந்திருக்காது. என் கையில் கிடைத்த பிரசுரம் ஒன்று 'யல போகத்து மழை'க்கு, அதாவது சித்திரையில் தொடங்கும் சிறுபோகத்து மழைக்கு, ஏற்ப நடச் சொன்னது. சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே கிணற்றை நம்பித்தான் தோட்டம் செய்கிறோம். தெற்கில் சிங்களத்தில் எழுதியதை இங்கே தமிழாக்கி அச்சடித்திருக்கிறார்கள். 'பீடைநாசினி முகாமைத்துவம்' என்று தலைப்பு. எங்கள் ஊரில் அதற்கு மருந்து என்று பெயர், அடிப்பது என்று வினை.

விவசாயப் போதனாசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் பல கிராம அலுவலர் பிரிவுகளைச் சுமக்கிறார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் காணாது. அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னதை மறக்க முடியாது: "தங்கச்சி, எத்தனை கூட்டம் வைத்தாய் என்றுதான் மேலே கேட்கிறார்கள். எத்தனை பேர் மருந்தைக் குறைத்தார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை." எதைக் கேட்கிறோமோ அதைத்தான் ஆட்கள் செய்து கொடுப்பார்கள். நாம் கேட்பது கூட்டத்தை.

அந்தக் கத்தரிக்காரருக்குச் சொல்லக்கூடியவை உண்மையில் இருக்கின்றன. வாடிய குருத்தை வாரத்துக்கு ஒரு தரம் நுனியோடு கிள்ளி எரித்தால் புழுவின் அடுத்த தலைமுறை குறையும். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டலாம். அடித்தே ஆக வேண்டுமானால் காத்திருக்கும் நாள் குறைந்த மருந்து எது என்று பார்த்து அடிக்கலாம். இவை எல்லாம் நாலு நாள் பறிப்புக்குள் அடங்குகிற வழிகள். 'பதினான்கு நாள் பொறுங்கள்' என்பதோ அவருடைய வாழ்க்கைக்கு வெளியே நின்று சொல்லும் சொல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தையில் ஒரு புழுத்துளை கண்ட கத்தரியைப் புறங்கையால் தள்ளிவிடுகிறவர்கள் நாங்கள். பளபளப்பான காயை மட்டும் பொறுக்கும் வாங்குகிறவர்களுக்கு எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடந்திருக்கிறது? எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எல்லாப் பேச்சும் தோட்டக்காரனை நோக்கியே போகிறது. அவனோ கேட்கிறவன் விருப்பத்துக்கு விளைவிக்கிறான்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதற்கு மேலே மெல்லிய செம்மண். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் அதே நிலத்தடி நீர்தான். மேலே போடுகிற யூரியாவில் பயிர் எடுக்காமல் மிஞ்சுவது இறைப்போடும் மாரியோடும் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டம் செறிந்த வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். புட்டிப்பால் கரைக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகும் வலுவை இழக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இந்தக் கடைசி விடயத்தை நான் கேட்ட தாய்மாரில் அநேகர் அறிந்திருக்கவில்லை. 'கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்' என்ற பழைய பிரசாரம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு நோய்க்குச் சொன்ன நல்ல சொல் இன்னொரு ஆபத்தை மறைத்து நிற்கிறது. தனித்தனித் திணைக்களங்கள் தனித்தனியே பிரசாரம் செய்தால் இப்படித்தான் முடியும்.

உரம் என்று வந்தால் 2021ஐக் கடக்காமல் போக முடியாது. ஆட்சிக்கு வந்தவர்கள் தங்கள் தேர்தல் விஞ்ஞாபனத்தில், பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனம் இல்லாத இயற்கை விவசாயத்துக்கு, மாறுவோம் என்றார்கள். 2021 மே மாதம் வந்த வர்த்தமானி ஒரே இரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட மாதங்களில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நஞ்சற்ற உணவு, நஞ்சற்ற நாடு என்ற பேச்சு ஓயவில்லை. அடுத்த பெரும்போகத்து நெல் விளைச்சல் நாடெங்கும் விழுந்தது. யூரியா மூட்டை கள்ளச் சந்தையில் கேட்க முடியாத விலைக்குப் போனது.

யாழ்ப்பாணத்துக்கு இது முதல் தடவை இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. அப்போது பூவரசங்குழை வெட்டி உரமாக மண்ணில் தாழ்த்தி, மாட்டெரு போட்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று என் அம்மா வீட்டார் தோட்டம் செய்திருக்கிறார்கள். குழை தாழ்ப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர யாரும் வர வேண்டியதில்லை. ஆனால் 2021இல் நல்லதொரு கருத்தை ஆணையாக்கி, மாற்று உரத்தை ஆயத்தப்படுத்தாமல் திணித்ததால், மக்கள் மனத்தில் 'சேதன' என்ற சொல்லே பட்டினியோடு சேர்ந்துவிட்டது. கணக்கெடுப்பில் அந்தச் சொல்லை உச்சரித்தவுடன் முகம் மாறுவதைக் கண்டேன். "அதைப் பற்றி என்றால் வேண்டாம் பிள்ளை" என்று ஒரு அம்மா படலையைச் சாத்தினார். ஒரு பிரசாரத்தின் விளைவை அளக்கும்போது அது அடுத்த பிரசாரத்துக்கு விட்டுச்செல்லும் அவநம்பிக்கையையும் அளக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

தடை என்றாலே தவறு என்று நான் சொல்லவில்லை. 1995இல் இலங்கையில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அதில் பெரும் பங்கு தோட்டத்து மருந்துக்கு. அந்த ஆண்டு மொனோகுரொட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் என்ற இரண்டு பூச்சிமருந்துகளும் நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் நிறுத்தப்பட்டது. பின்னாளில் பராகுவாட் என்ற களைகொல்லி படிப்படியாக விலக்கப்பட்டது. உயிரிழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது, விளைச்சல் விழவில்லை. எத்தனை சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் இந்த வேலை நடந்திராது, ஏனெனில் ஆத்திரத்தில் கை நீளும் அந்த நிமிடத்தில் யாரும் பிரசுரம் வாசிப்பதில்லை. அந்தப் போத்தல் வீட்டில் இல்லாமல் போனதுதான் காப்பாற்றியது. எது கொடியது என்று ஆராய்ந்து, ஒவ்வொன்றாக, மாற்று கையிலிருக்கும்போது எடுத்தார்கள். 2021இல் எல்லாவற்றையும் ஒருங்கே, மாற்று இல்லாமல் எடுத்தார்கள். எங்கே பேச்சு போதும், எங்கே சட்டம் வேண்டும் என்று பிரித்தறிவதும் மதிப்பீட்டின் வேலைதான்.

உணவில் எனக்குப் பிடித்த அரச முயற்சி ஒன்று உண்டு. 2016 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்கி குளிர்பானப் போத்தல்களில் வந்த வண்ணக் குறி. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 2019இல் சீனி, உப்பு, கொழுப்பு என்று திண்ம உணவுகளுக்கும் விரித்தார்கள். மண்டபம் வேண்டியதில்லை, குத்துவிளக்கு வேண்டியதில்லை. கை நீட்டி எடுக்கும் அந்த நொடியில் செய்தி கண்முன் நிற்கிறது. என் அண்ணன் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். கடையில் போத்தலைத் திருப்பித் திருப்பி "இது சிவப்பு மாமி" என்று வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். இப்படி ஒரு பிள்ளையின் கைக்குள் போய்ச் சேர்ந்த அரச அறிவித்தலை நான் வேறு காணவில்லை.

ஆனாலும் எங்கள் ஊரின் சீனி போத்தலில் மட்டும் இல்லை. நாளுக்கு ஐந்து தரம் குடிக்கும் தேநீரில் இருக்கிறது, பேக்கரிப் பணிசில் இருக்கிறது, கலியாண வீட்டுப் பலகாரத்தில் இருக்கிறது. பொட்டலமாகக் கட்டித் தரும் மிக்சரின் உப்புக்கு எந்த வண்ணமும் கிடையாது. நீரிழிவு கிளினிக்கில் காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கிறது. குறி ஒட்ட முடிந்ததில் ஒட்டினோம், ஒட்ட முடியாததை விட்டுவிட்டோம். தேநீர்க் கடைகளில் சீனியைத் தனியாகக் கரண்டியோடு வைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று பத்துக் கடைகளில் ஒரு மாதம் பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுப்புக் கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னதையும் இங்கே குறிக்கலாம். எங்கள் ஒழுங்கையில் அப்போது உரப் பைகளில் வைத்த மிளகாய்க் கன்றுகளில் ஆவணி கண்டவை குறைவு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி நாய்க்கடி. படிவத்தில் ஒரு கேள்வி: 'நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?' ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்: சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கத்தரித் தோட்டத்துப் பாடம் மனத்தில் கிடந்ததால், ஒரு வீட்டில் கேள்வியை மாற்றினேன். "அம்மா, எப்படிக் கழுவுவீர்கள் என்று எனக்குச் செய்து காட்டுங்கள்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்கு வந்தார். பேரனின் கணுக்காலைப் பிடித்து, கடித்த இடம் இது என்று விரலால் ஒரு வட்டம் போட்டார். ஒரு வாளி அள்ளி ஊற்றினார். சவர்க்காரம் தேய்த்தார், நுரையைக் கையால் வழித்தார், இன்னொரு வாளி ஊற்றினார். நிமிர்ந்து, "இவ்வளவுதான்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 50 செக்கன்.

நேரத்தைச் சொன்னேன். நம்பவில்லை. "நன்றாகத்தானே கழுவினேன்" என்று பேரனின் காலை மீண்டும் பார்த்தார். சரி, 15 நிமிடம் எவ்வளவு என்று பார்ப்போம் என்று மூவரும் தொடங்கினோம். நாலாவது நிமிடத்தில் பையன் குளிருகிறது என்றான். ஆறாவது நிமிடத்தில் அம்மாவின் இடுப்பு நோக, நான் அள்ளத் தொடங்கினேன். குழாய் இல்லாத வீட்டில் ஓடும் நீர் என்பது ஒருவர் விடாமல் அள்ள, இன்னொருவர் விடாமல் தேய்ப்பது. வீட்டில் தனியாக நிற்கும் கிழவிக்கும் பிள்ளைக்கும் அது எவ்வளவு பெரிய வேலை என்பது எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. முடிவில் அவர் மூச்சுவாங்கிக்கொண்டு கேட்டார்: "குட்டி நாய் கடித்தாலும் இவ்வளவு நேரமா?" ஆம், குட்டியும் நோயைக் கொண்டுவரும். பல வீடுகளில் குட்டியின் பல் பட்டதைக் கடி என்றே எண்ணுவதில்லை.

இந்நாட்டில் 1973இல் நீர்வெறுப்பு நோய்க்கு 377 பேர் பலியானார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், மனிதருக்கு ஊசி கிடைப்பதும் சேர்ந்து சாதித்த பெரிய காரியம் இது. இங்கே சந்தியில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஊசி போடும் நாட்களில் மாலையில் எத்தனை ஊசி என்று எழுதுகிறார்கள். எத்தனை நாயில் எத்தனை என்பதுதான் தேவையான கணக்கு. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு 70க்காவது ஊசி போட்டால்தான் நோயின் சங்கிலி அறும். கயிற்றில் கட்டிக் கொண்டுவந்த நாய்களுக்கு மட்டும் போட்டு, சோறு வைக்கும் வீடு உண்டு, ஆனால் உரிமை சொல்ல ஆள் இல்லை என்று திரியும் நாய்களை விட்டால், ஊசியின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், சங்கிலி அறாது.

விலங்கு நலம் என்று சொன்னால் எனக்கு 2022 டிசம்பர் நினைவுக்கு வரும். புயல் காற்றும் குளிரும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு, ஆடுகளைக் கொன்றன. வன்னியில் வெட்டவெளியில் நனைந்து விறைத்துச் செத்தவை அதிகம். எங்கள் பக்கத்திலும் செத்தன. எச்சரிக்கை வந்திருந்தது, கடலுக்குப் போக வேண்டாம், மரங்களுக்குக் கீழே நிற்க வேண்டாம் என்று. பட்டியில் நிற்கும் மாட்டைப் பற்றி ஒரு வரி என் காதில் விழவில்லை. பிறகுதான் கொட்டகை போடுங்கள், உலர்ந்த தீவனம் வையுங்கள் என்று பிரசுரம் வந்தது. தகரத்தின் விலை அந்த ஆண்டில் எங்கே நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். பசியில் எலும்பு தெரிந்த மாடு மழைக்குத் தாங்காது என்பது மாடு வளர்க்கிறவனுக்குத் தெரியாத செய்தியும் இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது பத்துத் தகரமும் இரண்டு நாள் முன்னறிவித்தலும். மிருக வதைக்கு எதிரான எங்கள் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, அதில் தண்டப் பணம் 100 ரூபா. அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்காமல் பாடசாலைச் சுவரில் 'உயிர்களிடம் அன்பு செய்' என்று எழுதுவதில் எனக்கு நிறைவு இல்லை.

தென்னைக்கு வந்த வெண் ஈயையும் பாருங்கள். ஓலையின் அடியில் வெள்ளைப் பூச்சு, மேலே கரிப் பூஞ்சணம், கீழே நிற்கும் மாவும் கறிவேப்பிலையும் கறுத்துப் போகின்றன. ஓலையின் அடிப்பக்கம் படும்படி அழுத்தத்தோடு தண்ணீர் அடியுங்கள், சவர்க்காரக் கரைசல் தெளியுங்கள், கண்ட நஞ்சையும் அடித்து அந்த ஈயைத் தின்னும் பூச்சிகளைக் கொல்லாதீர்கள் என்கிறார்கள். முழுக்கச் சரியான அறிவுரை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் எட்டு வளவு. அதில் மூன்று பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர்கள் கனடாவிலும் சுவிற்சலாந்திலும் இருக்கிறார்கள். அந்த மூன்று வளவிலும் முப்பதுக்கு மேல் தென்னை. நாங்கள் ஐந்து வீடும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்தோம், மூன்றாம் வாரம் மதிலுக்கு அப்பாலிருந்து ஈ திரும்பி வந்தது. பார்த்தீனியம் என்ற களைக்கும் இதே கதைதான். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை கொட்டும், பூக்குமுன் பிடுங்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், பூட்டிய வளவுக்குள் போய் யார் பிடுங்குவது? வீடு வீடாக எத்தனை பிரசுரம் கொடுத்தோம் என்ற கணக்கில் இந்தப் பூட்டு தெரியாது. ஒழுங்கை ஒழுங்கையாக எண்ணினால் தெரியும். கதவைத் திறக்கும் அதிகாரத்தைப் பிரதேச சபைக்குக் கொடுத்து, உரிமையாளருக்குக் கடிதம் போட்டு, ஒரே நாளில் ஒரு வட்டாரம் முழுதும் அடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாமே.

அரசாங்கத்திடம் இல்லாத பெரிய வித்தை எதையும் நான் கேட்கவில்லை. தொடங்குமுன் முப்பது வீட்டில் போய் நிலவரத்தை எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே முப்பது வீட்டுக்குப் போக வேண்டும். பிரசாரம் போகாத பக்கத்து ஊரிலும் முப்பது வீட்டைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் யூரியா விலை கூடியதால் குறைந்த உரத்தையும் நம் கூட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடுவோம். தெரியுமா என்று கேட்பதை விட்டுச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு வரும் அழைப்புகளே ஒரு புதையல். எந்த மாதத்தில், எந்தப் பயிருக்கு, என்ன கேள்வி என்று அடுக்கிப் பார்த்தால், அடுத்த ஆண்டு எதைப் பேச வேண்டும் என்பதைக் கமக்காரர்களே சொல்லித் தந்திருப்பார்கள்.

கணக்கெடுப்பு முடிந்து நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் கத்தரித் தோட்டத்துக்கு ஒரு நாள் போனேன், படிவம் இல்லாமல். வாடிய குருத்தைக் கிள்ளுவது பற்றிச் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றார், தகப்பன் செய்தவராம். பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் செய்ய முடிந்தது, இப்போது குனிந்து நடக்கத் தான் ஒருவன்தான் என்றார். நானும் அவரும் இரண்டு வரிசை கிள்ளினோம். கிள்ளிய குருத்தை ஒன்றைப் பிளந்து காட்டினார், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு சுருண்டு கிடந்தது. பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, அடுத்த முறை கூட்டம் வைத்தால் பின்னேரம் நாலு மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். இறைப்பு முடிந்துவிடும். நானும் வருவேன்."